பிரைமரியில் வெளுத்து வாங்குபவர் நவம்பரில் கரையேறுவாரா?

வடகோடிவாசி

வணக்கம் நண்பர்களே. இதை எழுதுவது 2025 நவம்பரில். நான் இருப்பது மெய்ன் மாநிலத்தின் போர்ட்லண்டில். நவம்பர் 4 தேர்தல் முடிவுகள் வந்ததிலிருந்து இங்கே அலுவலகத்தில் சாப்பாட்டு நேரப் பேச்சு முழுக்க ஒரே விஷயம்தான்: 2026 ஜூன் 9 அன்று நடக்கப்போகும் ஜனநாயகக் கட்சியின் செனட் பிரைமரி, அதாவது கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்.

ஒரு பக்கம் கவர்னர் ஜேனட் மில்ஸ். 77 வயது, மாநிலம் முழுக்க இரண்டு முறை ஜெயித்தவர். இன்னொரு பக்கம் கிரஹாம் பிளாட்னர். சல்லிவன் என்ற சின்ன ஊரில் சிப்பி வளர்க்கிறார், மரைன் படையிலும் தரைப்படையிலும் இருந்தவர், மாநில அளவில் எந்தப் பதவியும் வகித்ததில்லை. எந்த மேடையிலும் சுற்றி வளைப்பதில்லை. பெரும் பணக்காரர்கள் நாட்டைக் கைக்குள் வைத்திருக்கிறார்கள் என்கிறார். எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு வேண்டும் என்கிறார். காசாவில் நடந்ததை இனப்படுகொலை என்கிறார். சொந்தக் கட்சித் தலைமையையும் விட்டுவைப்பதில்லை. இடதுசாரி செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் அவருக்கு ஆதரவு. அக்டோபரில் அவருடைய பழைய ரெட்டிட் பதிவுகள் வெளியே வந்தன. மார்பில் பச்சைகுத்தியிருந்த மண்டையோடு நாஜிச் சின்னம் போல இருக்கிறது என்று பெரிய சர்ச்சையும் ஆனது. பதிவுகளுக்கு மன்னிப்புக் கேட்டார், பச்சையை வேறொன்றால் மூடினார், ஆனால் விலகவில்லை.

யார் ஜெயித்தாலும் நவம்பரில் எதிரில் நிற்பது குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸ். 1997 முதல் செனட்டில் இருப்பவர். 2020-ல் பைடன் இங்கே 9 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், காலின்ஸ் 8 புள்ளிக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஓட்டுப் போட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். வெளிப்படையாகப் பேசும் ஒருவரால் அந்த மக்களை இழுக்க முடியுமா?

முடியும் என்பது என் வாதம். 2020-ல் ஜனநாயகக் கட்சி நிறுத்திய சாரா கிடியன் மாநில அவைத் தலைவர், அளந்து பேசுபவர். கருத்துக்கணிப்புகளில் முன்னால் இருந்தார். பணம் குவிந்தது; தேர்தல் முடிந்தபிறகும் கணக்கில் 1 கோடி டாலருக்கு மேல் மிச்சம் இருந்தது. அப்படியும் தோற்றார். பாதுகாப்பான ஆள் என்று தேடிப்பிடித்து நிறுத்தியதால் என்ன கிடைத்தது? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

டெலவேர்க்காரி

தம்பி, உங்களுக்கு 2010-ல் டெலவேரில் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். நான் அப்போது வில்மிங்டனில்தான் இருந்தேன்.

பைடன் துணை அதிபர் ஆனதால் காலியான செனட் இடம் அது. குடியரசுக் கட்சியில் மைக் காஸில் நின்றார். இரண்டு முறை கவர்னர், அப்புறம் ஒன்பது தடவை மக்களவை. ஜனநாயகக் கட்சிக்காரர்களே அவருக்கு ஓட்டுப் போடுவார்கள். செப்டம்பர் 14 பிரைமரியில் அவரை கிறிஸ்டின் ஓ'டோனல் தோற்கடித்தார். குடியரசுக் கட்சிக்குள் டீ பார்ட்டி என்ற தீவிர வலதுசாரி இயக்கத்தின் அலை அடித்த வருடம் அது. காஸில் குடியரசுக் கட்சிக்காரரே இல்லை என்று ஓ'டோனல் போன இடமெல்லாம் சொன்னார், அது எடுபட்டது. ஏனென்றால் அங்கே பிரைமரியில் கட்சியில் பதிவு செய்தவர் மட்டுமே ஓட்டுப் போட முடியும்.

கணக்கைப் பாருங்கள். அந்தப் பிரைமரியில் விழுந்த மொத்த ஓட்டு சுமார் 57 ஆயிரம். ஓ'டோனல் வாங்கியது 30 ஆயிரத்துச் சொச்சம். நவம்பரில் ஓட்டுப் போட்டவர்கள் 3 லட்சத்துக்கு மேல். முப்பதாயிரம் பேருக்குப் பிடித்த பேச்சு மூன்று லட்சம் பேர் முன்னால் வந்தபோது 40 சதவீதத்தில் நின்றுவிட்டது. சூனியக்கலையில் கொஞ்சம் ஈடுபட்டதாக அவர் என்றைக்கோ டிவியில் சொன்ன துணுக்கு ஒன்று கிளம்ப, "நான் சூனியக்காரி இல்லை" என்று விளம்பரம் எடுக்க வேண்டிய நிலை. ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் கூன்ஸ் 16 புள்ளிக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார், இன்றைக்கும் அவர்தான் செனட்டர். காஸில் கடைசிவரை ஓ'டோனலுக்கு ஆதரவு சொல்லவில்லை.

உங்கள் பச்சைகுத்தல் விவகாரத்தைப் படிக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வருகிறது. பிரைமரி ஆட்கள் மன்னித்துவிடுவார்கள், அவர்களுக்குக் கொள்கை முக்கியம். நவம்பரில் வருபவருக்கு வேட்பாளரைப் பற்றித் தெரிந்த விஷயமே அது ஒன்றாகத்தான் இருக்கும். காலின்ஸ் தரப்பு அதை டிவியில் ஓட்டிக்கொண்டே இருக்கும்.

புதுசா_வந்தவன்

ஒரு அடிப்படைச் சந்தேகம் அக்கா, தப்பாக நினைக்காதீர்கள். பிரைமரியில் யார் வேண்டுமானாலும் ஓட்டுப் போடலாம் என்று என் ரூம்மேட் சொன்னான். நீங்கள் கட்சியில் பதிந்தவர் மட்டும் என்கிறீர்கள். எது சரி?

டெலவேர்க்காரி

இரண்டும் சரிதான் தம்பி. மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு. டெலவேர், பென்சில்வேனியா, நியூயார்க் எல்லாம் மூடிய பிரைமரி, கட்சியில் பதிந்திருந்தால்தான் உண்டு. டெக்சாஸில் கட்சிப் பதிவே கிடையாது, அன்றைக்கு எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கலிபோர்னியாவில் 2012 முதல் எல்லாக் கட்சிக்காரர்களும் ஒரே சீட்டில் இருப்பார்கள், முதல் இரண்டு பேர் நவம்பருக்குப் போவார்கள். அலாஸ்காவில் முதல் நான்கு பேர்.

வடகோடிவாசி

மெய்னில் 2024 முதல் எந்தக் கட்சியிலும் சேராதவர்களும் ஏதாவது ஒரு கட்சியின் பிரைமரியில் ஓட்டுப் போடலாம். அதனால் டெலவேரின் 57 ஆயிரம் கணக்கை இங்கே அப்படியே பொருத்த முடியாது அக்கா. கட்சிசாராதவர்கள் நிறையப் பேர் இருக்கும் மாநிலம் இது. எங்கள் இன்னொரு செனட்டர் ஆங்கஸ் கிங் சுயேச்சைதானே.

எண்கணக்கு

இந்த மாதிரி விவாதங்களில் ஆளுக்கொரு உதாரணம் எடுத்துப் போடலாம், முடிவே வராது. ஓ'டோனல் என்றால் ரேண்ட் பால் என்பார்கள். அதே 2010, அதே டீ பார்ட்டி, கென்டக்கியில் கட்சித் தலைமை விரும்பிய டிரே கிரேசனைப் பிரைமரியில் தோற்கடித்தார், நவம்பரிலும் சுலபமாக ஜெயித்தார். ஆகவே தொகுத்துப் பார்த்த ஆய்வு எதுவும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருக்கிறது.

ஆண்ட்ரூ ஹால் என்ற அரசியல் அறிவியலாளர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு. 1980 முதல் 2010 வரையிலான மக்களவைத் தேர்தல்களை எடுத்துக்கொண்டார். கட்சியின் ஓரத்தில், அதாவது தீவிரக் கொள்கையோடு, நிற்பவருக்கும் நடுவில் நிற்பவருக்கும் இடையே மயிரிழையில் முடிவான பிரைமரிகளை மட்டும் தனியாகப் பிரித்தார். அந்த மாதிரி இடங்களில் யார் ஜெயித்தார் என்பது ஏறத்தாழ அதிர்ஷ்டம்தான், அதனால் தொகுதிகளை நியாயமாக ஒப்பிடலாம். ஓரத்தில் நிற்பவர் பிரைமரியில் ஜெயித்த இடங்களில் கட்சியின் பொதுத் தேர்தல் ஓட்டு சராசரியாக 9 முதல் 13 புள்ளி குறைந்திருக்கிறது. சின்ன விஷயம் இல்லை இது. ஜெயிக்கக்கூடிய இடத்தைக் கைகழுவிவிடுவதற்குச் சமம்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அவரும் டேனியல் தாம்ப்சனும் 2018-ல் செய்த அடுத்த ஆய்வு. "கடுமையான ஆள் நின்றால் நம் ஆட்கள் உற்சாகமாகத் திரண்டு வருவார்கள்" என்பார்களே, அதைச் சோதித்தார்கள். வருகிறார்கள், ஆனால் அதிகமாகத் திரண்டு வருவது எதிர்க்கட்சியின் ஆட்கள். பயம் அவர்களை வீட்டிலிருந்து கிளப்புகிறது.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆய்வுகள் அளப்பது கொள்கை நிலையை, அதுவும் யாரிடமிருந்து நன்கொடை வாங்குகிறார் என்பதை வைத்து. நாக்கு எவ்வளவு நீளம் என்பதை யாரும் அளக்கவில்லை. தீவிரமான கொள்கையை மென்மையாகப் பேசுபவர் உண்டு, நடுநிலைக் கொள்கையைக் காரமாகப் பேசுபவரும் உண்டு. 2000-ல் ஜான் மெக்கெய்ன் வெளிப்படையாகப் பேசுபவர் என்றுதான் பெயர் எடுத்தார், ஓரத்தில் நின்றவர் இல்லை.

பழைய_வாத்தியார்

எண்கணக்கு தம்பி கடைசியில் சொன்னது முக்கியமானது. நான் வரலாறு சொல்லிக்கொடுத்தவன், அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

1964 அதிபர் தேர்தல். பாரி கோல்ட்வாட்டர். கலிபோர்னியா பிரைமரியில் நெல்சன் ராக்ஃபெல்லரை நூலிழையில் வென்று குடியரசுக் கட்சியின் வேட்பாளர் ஆனார். சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில் ராக்ஃபெல்லர் பேச எழுந்தபோது கூச்சல் போட்டார்கள். தோற்ற அணியைத் தழுவிக்கொள்ள வேண்டிய நேரம் அது. கோல்ட்வாட்டர் ஏற்புரையில், சுதந்திரத்தைக் காப்பதில் தீவிரம் காட்டுவது குற்றமாகாது என்று முழங்கினார். அரங்கம் அதிர்ந்தது. டிவியில் பார்த்த மிதவாதக் குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு, தங்களை வெளியே போகச் சொல்கிறார் என்று புரிந்துவிட்டது. மிச்சிகன் கவர்னர் ஜார்ஜ் ராம்னி ஆதரவே தரவில்லை. நவம்பரில் லிண்டன் ஜான்சனுக்கு 61 சதவீதம். கோல்ட்வாட்டருக்குக் கிடைத்தது ஆறு மாநிலம்: சொந்த அரிசோனாவும், அவர் சிவில் உரிமைச் சட்டத்தை எதிர்த்து ஓட்டுப் போட்டதால் தெற்கே கிடைத்த ஐந்தும்.

1972-ல் அடுத்த கட்சியில் இதே கதை. ஜார்ஜ் மெக்கவர்ன் வியட்நாம் போரை எதிர்த்து மனசாட்சியோடு பேசியவர், எனக்கு அவர்மேல் இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கட்சியின் முதுகெலும்பாக இருந்த தொழிற்சங்கக் கூட்டமைப்பு, ஜார்ஜ் மீனியின் தலைமையில், யாருக்கும் ஆதரவு இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. நிக்சன் 49 மாநிலம் எடுத்தார்.

இந்த இரண்டையும் சொல்லிவிட்டு 1980-ஐச் சொல்லாமல் விட்டால் அது பாதிக் கதை. ரொனால்ட் ரீகன் கோல்ட்வாட்டருக்காக 1964-ல் பேசிப் புகழ் பெற்றவர். கொள்கை ஏறத்தாழ அதுவேதான். அதிபர் கார்ட்டர் தரப்பில் பலர் ரீகன் வந்தால் சுலபம் என்று நினைத்தார்கள். ரீகன் என்ன செய்தார்? பிரைமரியில் தன் வரிக் கொள்கையை மாந்திரீகப் பொருளாதாரம் என்று கிண்டலடித்த மூத்த ஜார்ஜ் புஷ்ஷையே துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டார். அக்டோபர் 28 விவாதத்தில், பயங்கரமான ஆள் என்று கேள்விப்பட்டிருந்த மக்கள் முன்னால் நிதானமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். நான்கு வருடத்துக்கு முன் இருந்ததைவிட இப்போது நன்றாக இருக்கிறீர்களா என்று ஒரே கேள்வி கேட்டார். பணவீக்கம் 13 சதவீதத்துக்கு மேல் இருந்த வருடம் அது. 44 மாநிலம் விழுந்தது.

கொள்கையில் ரீகன் ஒரு படிகூட இறங்கவில்லை, இறங்கியதாக எந்த மாணவனிடமும் நான் சொன்னதில்லை. தோற்றவர்களுக்கு இடம் கொடுத்தார், பேச்சைக் கட்சியின் சண்டையிலிருந்து வாக்காளரின் வீட்டுச் செலவுக்கு மாற்றினார்.

குவீன்ஸ்_கோகிலம்

வாத்தியார் ஐயா எழுதியதை அப்படியே நியூயார்க்கில் இப்போதுதான் பார்த்தோம். ஸோரான் மம்தானி ஜூன் 24 மேயர் பிரைமரியில் முன்னாள் கவர்னர் ஆண்ட்ரூ குவோமோவைத் தோற்கடித்தபோது, பொதுத் தேர்தலில் நடுத்தர வாக்காளர் ஓடிவிடுவார்கள் என்று டிவியில் எத்தனை பேர் சொன்னார்கள்! நவம்பர் 4-ல் பாதிக்கு மேல் வாங்கினார், 10 லட்சம் ஓட்டைத் தாண்டினார். மேயர் தேர்தலில் 20 லட்சம் பேருக்கு மேல் ஓட்டுப் போட்டது 1969-க்குப் பிறகு இப்போதுதான்.

அவர் பேசியது என்ன? வாடகைக் கட்டுப்பாட்டில் இருக்கும் வீடுகளின் வாடகையை உயர்த்தாமல் நிறுத்துவது, இலவச பஸ், குழந்தைப் பராமரிப்பு. என் தெருவில் டிரம்புக்கு ஓட்டுப் போட்ட கடைக்காரரும் வாடகையைப் பற்றித்தான் புலம்புவார். அப்புறம், பிரைமரி முடிந்ததும் மம்தானி சும்மா இருக்கவில்லை. தொழிலதிபர்களைச் சந்தித்தார். காவல்துறையைப் பற்றி முன்பு எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டார். போலீஸ் கமிஷனர் ஜெசிக்கா டிஷ்ஷைப் பதவியில் வைத்துக்கொள்வேன் என்றார். யூதர்கள் பலரைப் புண்படுத்திய ஒரு கோஷத்தை, மற்றவர்களும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதாகச் சொன்னார். செப்டம்பரில் கவர்னர் ஹோக்கல் ஆதரவு தெரிவித்தார்.

வாடகை விஷயத்தில் ஒரு அடி பின்வாங்கவில்லை. மற்றதில் கதவைத் திறந்துவைத்தார். இதைச் செய்யத் தெரிந்தவர் எங்கேயும் ஜெயிக்கலாம்.

எண்கணக்கு

"எங்கேயும்" என்பதை ஏற்க முடியவில்லை கோகிலம். நியூயார்க் நகரத்தில் குடியரசுக் கட்சிக்காரர் ஒருவருக்கு ஜனநாயகக் கட்சிக்காரர் ஆறு பேர் பதிவாகியிருக்கிறார்கள். அங்கேயே அவருக்குக் கிடைத்தது பாதியைச் சற்றுத் தாண்டிய ஓட்டு. பிரைமரியில் தோற்ற குவோமோ சுயேச்சையாக நின்று 41 சதவீதம் வாங்கியிருக்கிறார். அதே நாள் வர்ஜீனியாவில் அபிகெயில் ஸ்பான்பெர்கரும் நியூஜெர்சியில் மிக்கி ஷெரிலும் கவர்னர் தேர்தலில் மிதவாதிகளாக நின்று இரட்டை இலக்கப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். மம்தானி செய்தது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் மெய்னுக்கு ஆதாரமாகக் காட்ட வேண்டுமென்றால் இரண்டு கட்சியும் சமமாக மோதும் இடத்திலிருந்து உதாரணம் வேண்டும்.

குவீன்ஸ்_கோகிலம்

சமமாக மோதும் இடத்தில் 2016-ல் டிரம்ப் ஜெயிக்கவில்லையா? மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா. அவரைவிட வாய் நீளமான பிரைமரி வேட்பாளர் யார்?

எண்கணக்கு

மூன்று மாநிலத்தையும் சேர்த்து வித்தியாசம் 78 ஆயிரம் ஓட்டுதான். நாடு முழுக்க எடுத்தால் ஹிலரியைவிட 28 லட்சத்துக்கும் மேல் குறைவு. ஜெயித்தது உண்மை. ஆனால் அவரைப் பார்த்து அதே குரலில் பேசியவர்கள் 2022-ல் என்ன ஆனார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹாரிஸ்பர்க்_அக்கா

2022 என்றதும் நான் வந்துவிட்டேன். நான் அந்த வருடம் பென்சில்வேனியாவில் வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியவள். ஒரே மாநிலம், ஒரே நாள், பிரைமரியில் காரமாகப் பேசி ஜெயித்த இரண்டு பேர், இரண்டு முடிவு. இந்தக் கேள்விக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

குடியரசுக் கட்சியின் கவர்னர் வேட்பாளர் டக் மாஸ்ட்ரியானோ. பலர் நின்ற பிரைமரியில் 44 சதவீதத்தை ஒட்டி வாங்கி ஜெயித்தார். ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஷபிரோவே பிரைமரி நேரத்தில், மாஸ்ட்ரியானோ டிரம்பின் ஆள் என்று விளம்பரம் போட்டார். பார்ப்பதற்குத் தாக்குவது போல இருக்கும், குடியரசுக் கட்சிக்காரரிடம் அது சிபாரிசாக வேலை செய்யும். 2012-ல் மிசௌரியில் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் இதே வேலையைச் செய்தார்: குடியரசுக் கட்சியின் டாட் ஏக்கின் அளவுக்கு மீறிய வலதுசாரி என்று 17 லட்சம் டாலர் செலவழித்து விளம்பரம், ஏக்கின் ஜெயித்தார், ஆகஸ்டில் பாலியல் வன்முறை பற்றி வாயைவிட்டார், நவம்பரில் 15 புள்ளிக்கும் மேலான வித்தியாசத்தில் கவிழ்ந்தார். எதிராளியே விரும்பித் தேர்ந்தெடுக்கும் வேட்பாளர் என்றால் அந்தக் கட்சிக்காரர்கள் ஒரு நிமிடம் நின்று யோசித்திருக்க வேண்டும்.

சரி, மாஸ்ட்ரியானோவுக்கு வருகிறேன். அவர் வாயைத் திறந்தால் 2020 தேர்தல் முடிவு, அதை எப்படி மாற்றியிருக்க வேண்டும் என்பதுதான். பத்திரிகையாளர்களைக் கூட்டத்துக்குள் விடவில்லை. லங்காஸ்டர் பக்கத்தில் நான் பார்த்த பரம்பரைக் குடியரசுக் கட்சிக் குடும்பங்களில் பெரியவர்கள் என்னிடம் கோபப்படவில்லை, சலித்துக்கொண்டார்கள். ஒரு விவசாயி, "அவர் என்னிடம் எதையுமே கேட்கவில்லையே" என்றார். ஷபிரோ ஏறத்தாழ 15 புள்ளியில் ஜெயித்தார்.

இன்னொருவர் ஜான் ஃபெட்டர்மன். ஜனநாயகக் கட்சியின் செனட் வேட்பாளர். மொட்டைத்தலை, கையெல்லாம் பச்சை, அரைக்கால் சட்டை, கஞ்சாவைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர். பிரைமரியில் கட்சிப் பெரியவர்கள் பலருக்குப் பிடித்த, பதவிசான கானர் லாமைத் தோற்கடித்தார். பிரைமரிக்கு நான்கு நாள் முன்னால் பக்கவாதம் வேறு. அப்படியும் குடியரசுக் கட்சியின் மெஹ்மத் ஆஸை 5 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். எல்லா மாவட்டத்திலும் ஒவ்வொரு ஓட்டும் வேண்டும் என்பதுதான் அவர் கோஷம், கட்சிக்கு ஆளே இல்லாத ஊருக்கெல்லாம் போனார். கிராமப்புற மாவட்டங்களில் ஜெயிக்கவில்லை, ஆனால் பைடனைவிடக் குறைவான வித்தியாசத்தில் தோற்றார். மாநிலம் முழுக்கக் கூட்டும்போது அது போதும்.

ஆகவே நான் சொல்வது இதுதான். குரல் எவ்வளவு உயர்கிறது என்பதை வாக்காளர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. யாருக்காகக் கோபப்படுகிறார் என்று பார்க்கிறார்கள். மாஸ்ட்ரியானோவின் கோபம் அவர் கட்சியின் பழைய கணக்கைப் பற்றியது. ஃபெட்டர்மனின் கோபம் நலிந்துபோன எஃகு ஆலை ஊர்களைப் பற்றியது, பிராடாக் என்ற அந்த மாதிரி ஊருக்கே மேயராக இருந்தவர். இன்றைக்கு அவர் கட்சியோடு முரண்பட்டு நிற்பது வேறு கதை, அதை இங்கே இழுக்காதீர்கள்.

டெலவேர்க்காரி

நல்ல பதிவு அக்கா. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஃபெட்டர்மன் எதிரில் நின்றவர் ஆஸ், நியூஜெர்சியிலிருந்து வந்தவர் என்ற பட்டம் ஒட்டிக்கொண்ட டிவி டாக்டர். மெய்னில் எதிரில் நிற்பவர் கரிபூ ஊரில் பிறந்து வளர்ந்த காலின்ஸ். ஜூலை 1-ல் டிரம்பின் பெரிய வரி மசோதாவை எதிர்த்து ஓட்டுப் போட்டதை ஊர் ஊராகச் சொல்வார். செனட்டின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர், கப்பல் கட்டும் தளத்துக்கு எவ்வளவு வாங்கிக் கொடுத்தேன் என்பார். பலவீனமான எதிராளி கிடைத்தால் யார் பேசினாலும் ஜெயிக்கலாம்.

ஓஹியோ_ஓரம்

தமிழ் பேசும் குடும்பத்துப் பிள்ளை ஒருவரை யாரும் சொல்லவில்லையே. விவேக் ராமசாமி. பெற்றோர் பாலக்காட்டுத் தமிழர்கள். 2023 ஆகஸ்டில் குடியரசுக் கட்சியின் அதிபர் பிரைமரிக்கான மில்வாக்கி விவாதத்தில், மேடையில் நிற்பவர்களில் காசுக்கு விலைபோகாதவன் நான் ஒருவன்தான் என்றார். கவனம் முழுக்க அவர்மேல் திரும்பியது. 2024 ஜனவரி 15 அயோவாவில் கிடைத்தது 7.7 சதவீதம், நான்காம் இடம், அன்றிரவே விலகினார். பேச்சு பெயர் வாங்கிக் கொடுக்கும், ஓட்டு வாங்கிக் கொடுக்கப் பிரைமரியிலேயே போதாது. இப்போது ஓஹியோ கவர்னர் போட்டியில் டிரம்ப் ஆதரவோடு இறங்கியிருக்கிறார். எங்கள் மாநிலம் 2016 முதல் மூன்று முறையும் டிரம்ப் பக்கம் நின்றது என்பதால், பிரைமரியைத் தாண்டிவிட்டால் பாதி மேடு ஏறியாயிற்று. ஆனால் அமெரிக்க வேலைப் பண்பாட்டைப் பற்றி 2024 டிசம்பரில் அவர் போட்ட அந்த நீளப் பதிவை இங்கே தொழிற்சாலை ஆட்கள் மறக்கவில்லை. நானே இரண்டு பேர் வாயால் கேட்டேன்.

நெறியாளர்

விவேக் பற்றித் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரலாம். இங்கே பிரைமரியிலிருந்து பொதுத் தேர்தலுக்குப் போகும் கேள்வியோடு நிற்போம். நன்றி.

வடகோடிவாசி

எல்லோருக்கும் நன்றி. மெய்னுக்கே சொந்தமான ஒரு உதாரணம் இருக்கிறது, அதை எழுதாமல் விட்டால் இழை முழுமை ஆகாது: பால் லெபேஜ்.

லூயிஸ்டனில் பிரெஞ்சு பேசும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவின் அடிக்குப் பயந்து 11 வயதில் வீட்டை விட்டு ஓடித் தெருவில் வளர்ந்தவர். வாட்டர்வில் மேயராக இருந்து 2010-ல் குடியரசுக் கட்சியின் கவர்னர் பிரைமரியில் நின்றார். ஏழு பேர் போட்டி, இவர் ஜெயித்தார். செப்டம்பரில் மீனவர்கள் கூட்டத்தில், நான் கவர்னரானால் ஒபாமாவை நரகத்துக்குப் போகச் சொல்வேன் என்றார். நவம்பரில் ஜெயித்தார். எத்தனை சதவீதத்தில்? 37.6. சுயேச்சை எலியட் கட்லருக்கு 36-ஐ ஒட்டி, ஜனநாயகக் கட்சிக்கு 19-ஐ ஒட்டி. எதிர்ப்பு ஓட்டு இரண்டாகப் பிரிந்ததால் வந்த வெற்றி. 2014-ல் மறுபடியும் ஜெயித்தார், அப்போதும் பாதியைத் தொடவில்லை, 48.

இந்தக் கோபத்தில்தான் 2016 நவம்பரில் வாக்கெடுப்பு நடத்தி, வேட்பாளர்களை வரிசைப்படுத்தி ஓட்டுப் போடும் முறையை மெய்ன் கொண்டுவந்தது. ஆனால் கவர்னர் பொதுத் தேர்தலுக்கு அது செல்லாது, மாநில அரசியல் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. செனட்டுக்கும் மக்களவைக்கும் அது உண்டு. ஆகவே 2026-ல் பிளாட்னரோ மில்ஸோ 37 சதவீதத்தில் தப்பித்துவிட முடியாது. யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் இரண்டாம் தேர்வு ஓட்டுகளை எண்ணுவார்கள். கடும் பேச்சுக்காரருக்கு இது கெட்ட செய்தி என்று பலர் சொல்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. சுயேச்சை யாராவது நின்றால், அவருக்கு முதல் ஓட்டுப் போட்டவரிடம் போய் உங்கள் இரண்டாம் ஓட்டையாவது எனக்குக் கொடுங்கள் என்று கேட்க முடிகிறவர் ஜெயிப்பார். அதைக் கேட்க நேரடியாகப் பேசத் தெரிய வேண்டும்.

எண்கணக்கு

லெபேஜ் கதையில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2022-ல் அவர் மூன்றாவது முறை நின்றபோது மில்ஸ் அவரை 13 புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்த மில்ஸ் பேசாமடந்தை என்றும் நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் வெள்ளை மாளிகையில், டிரம்ப் முகத்துக்கு நேராக, நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்வோம் என்றவர்.

வடகோடிவாசி

மறக்கவில்லை. அந்தப் பதிலுக்காக மெய்னில் எத்தனையோ பேர் அவரை மதிக்கிறார்கள், நானும்தான். என் தயக்கம் வேறு. ஆறு வருட செனட் பதவியை 79 வயதில் தொடங்குகிறவரை, மாற்றம் வேண்டும் என்று கேட்கும் வருடத்தில் நிறுத்துவது புத்திசாலித்தனமா?

பழைய_வாத்தியார்

வயதைப் பற்றி நான் சொல்ல மாட்டேன். ஜூன் 9 முடிந்து தோற்ற தரப்பு என்ன செய்கிறது என்பதை வைத்து நவம்பரை ஓரளவு கணிக்கலாம். 1964-ல் ராம்னி, 1972-ல் மீனி, 2010-ல் காஸில். இவர்கள் ஒதுங்கிய ஒவ்வொரு முறையும் கட்சி விழுந்தது. பிளாட்னர் ஜெயித்தால் மில்ஸ் அவரோடு ஒரே மேடையில் ஏறுவாரா? அந்த மேடையை ஏற்படுத்த வேண்டிய பொறுப்பு பிளாட்னருடையது, இன்றைக்கு அவர் கட்சித் தலைமையைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு வார்த்தையும் அதை எளிதாக்கும் அல்லது கடினமாக்கும்.

ஹாரிஸ்பர்க்_அக்கா

ஐயா சொல்வது சரி. ஆனால் கட்சிப் பெரியவர்கள் மேடையில் கைகோத்தால் மட்டும் கரிபூவில் ஓட்டு விழாது. பிளாட்னரின் ஆட்கள் வடக்கே போகிறார்களா, போர்ட்லண்டிலேயே சுற்றுகிறார்களா? தம்பி, நீங்கள் அங்கேயே இருக்கிறீர்கள், சொல்லுங்கள்.

வடகோடிவாசி

போகிறார் அக்கா. சின்னச் சின்ன ஊர்களில் எல்லாம் கேள்வி-பதில் கூட்டம் போடுகிறார். இன்னொரு விஷயம்: வடக்கே இருக்கும் இரண்டாம் தொகுதியில் டிரம்ப் மூன்று முறை ஜெயித்திருக்கிறார். 2018 முதல் அதைக் கட்சிக்காகக் காப்பாற்றி வந்த ஜேரட் கோல்டன் மறுபடி நிற்கப்போவதில்லை என்று நவம்பர் 5-ல் அறிவித்துவிட்டார். அங்கே குடியரசுக் கட்சி சார்பில் இறங்கியிருப்பவர் யார் தெரியுமா? லெபேஜ்தான்.

ஹாரிஸ்பர்க்_அக்கா

அப்படியானால் லூயிஸ்டனில் ஒருவர் கையில் கிடைக்கும் அதே வாக்குச்சீட்டில் பிளாட்னரும் லெபேஜும் இருக்கக்கூடும். இரண்டு பேருமே மனதில் பட்டதைப் பேசுபவர்கள். ஒருவருக்கு ஓட்டுப் போட்டவர் அடுத்தவருக்கும் போடுகிறாரா என்று பார்க்க வேண்டும். தொகுதிவாரி முடிவு வந்ததும் இந்த இழையிலேயே போடுங்கள்.